அம்மாவின் போனுக்கு மட்டும் நெட் வராத ஐந்து நாட்கள்

சிங்கப்பூரில் இருக்கும் தங்கை தினமும் இரவு எட்டரைக்கு வீடியோ காலில் வருவாள். நமக்கு அப்போது மாலை ஆறு மணி. அம்மா ஐந்தே முக்காலுக்கே முகம் கழுவி, விளக்கேற்றிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்துவிடுவார். நான்கு வயதுப் பேத்தி அன்று பள்ளியில் வரைந்த படத்தைக் கேமராவுக்கு முன்னால் நீட்டுவாள். அது யானையா, பேருந்தா என்று இருவரும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். கும்பகோணத்தில் எங்கள் வீட்டு வைஃபைக்கு இதைவிட முக்கியமான வேலை எதுவும் இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, அந்தக் கால் வரவில்லை. அம்மாவின் போனில் வைஃபை சின்னம் முழுதாக இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு ஆச்சரியக்குறி. உள்ளே போய்ப் பார்த்தால், இணைப்பு இருக்கிறது, ஆனால் இணையம் இல்லை என்று எழுதியிருந்தது. அம்மா போனை என்னிடம் நீட்டி, "நான் எதையும் தொடலடா" என்றார். வீட்டில் எது கெட்டாலும் வயதானவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். தன்னால்தான் ஆகிவிட்டதோ என்ற பயம் அவர்களுக்கு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மோடத்தை அணைத்து, அரை நிமிடம் விட்டு மறுபடி போட்டேன். நெட் வந்துவிட்டது. சரி, முடிந்தது என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு அது வராமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. வந்ததால்தான் தப்பான இடத்தில் நம்பிக்கை வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே மறுபடி ஆச்சரியக்குறி. இந்த முறை மோடத்தை அணைத்துப் போட்டும் பயனில்லை. போனில் அந்த வைஃபையை 'மறந்துவிடு' என்று கொடுத்து, கடவுச்சொல்லைப் புதிதாக அடித்தேன். வரவில்லை. இன்னொரு முறை செய்தேன். வந்தது. ராத்திரி மறுபடி போய்விட்டது. புதன்கிழமை பொறுமை இழந்து, போனின் நெட்வொர்க் அமைப்புகள் எல்லாவற்றையும் ரீசெட் செய்தேன்.

அதைச் செய்திருக்கவே கூடாது. நெட்வொர்க் ரீசெட் என்றால் வைஃபை மட்டும் என்று நினைத்துவிட்டேன். அது சேமித்து வைத்த எல்லா வைஃபை கடவுச்சொற்களையும் அழித்துவிடும். ப்ளூடூத்தில் சேர்த்து வைத்த சாதனங்களையும் சேர்த்தே அழித்துவிடும். அம்மாவின் காதுக் கருவி ப்ளூடூத் வழியாகத்தான் போனோடு இணைந்திருந்தது. அதுவும் போனது. மறுபடி அதை இணைக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. அதுவரை போன் மணி அடிப்பதே அம்மாவுக்குக் கேட்கவில்லை. இத்தனைக்கும் நெட் பிரச்சினை அப்படியேதான் இருந்தது. வயதானவர்கள் கையில் இருக்கும் போனில் ரீசெட் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், அதோடு வேறு என்னென்ன இணைந்திருக்கிறது என்று தயவுசெய்து ஒரு முறை பாருங்கள்.

அன்று மாலை என் போனில் கால் போட்டுக் கொடுத்தேன். அதே கூடம், அதே வைஃபை. என் போனில் படம் தெளிவாக வந்தது. மனைவியின் லேப்டாப்பிலும் டிவியிலும் எந்தத் தடங்கலும் இல்லை. ஆக, கோளாறு அம்மாவின் போனில்தான் என்று எல்லோருமே முடிவுகட்டிவிட்டோம்.

வியாழக்கிழமை இணைப்புக் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். மோடத்தில் லாஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பார்த்தார். எரியவில்லை. அது சிவப்பாக இருந்தால் வெளியிலிருந்து வரும் ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். அப்போது போனில் எதைத் தட்டினாலும் பிரயோஜனமில்லை, அவர்களைத்தான் கூப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லா விளக்கும் பச்சை. தன் போனில் வேகம் சோதித்துப் பார்த்தார், நன்றாக இருந்தது. "லைன்ல ஒண்ணும் இல்ல சார். அம்மா போன் பழசாயிடுச்சு, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் முதல் பாதி சரிதான். இரண்டாவது பாதியை நம்பி, வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு போன் கடைக்குப் போனேன்.

கடைக்காரத் தம்பி புதுப் போனை எடுத்துக் காட்டவில்லை. அம்மாவின் போனைக் கையில் வாங்கி, தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதில் இணைத்தார். நெட் வந்தது. ஒரு யூடியூப் வீடியோவை ஓடவிட்டார். ஐந்து நிமிடம் தடையில்லாமல் ஓடியது. "போன்ல ஒண்ணும் இல்லண்ணே. வீட்டுக்குப் போய் உங்க போன்ல டேட்டாவ ஆஃப் பண்ணிட்டு வைஃபைய மட்டும் வெச்சுப் பாருங்க" என்றார். விற்பனையை விட்டுவிட்டு இந்த ஒரு வார்த்தையைச் சொன்ன அந்தத் தம்பியை நான் மறக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடியே என் போனில் மொபைல் டேட்டாவை அணைத்தேன். சில விநாடிகளில் என் போனிலும் நெட் போய்விட்டது.

ஐந்து நாளாக அம்மாவின் போன் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையே இல்லை. வைஃபையில் நெட் வராவிட்டால் இன்றைய போன்கள் பல பேசாமல் சிம் கார்டின் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். மேலே வைஃபை சின்னம் தெரிந்துகொண்டே இருக்கும், ஓடுவது சிம் கார்டில். என் போன் அப்படித்தான் என்னை ஏமாற்றியிருக்கிறது. அம்மாவின் சிம்மில் டேட்டா பேக் கிடையாது, பேசுவதற்கு மட்டும்தான் ரீசார்ஜ் செய்வோம். அதனால் வீட்டின் கோளாறை மறைக்காமல் காட்டிய ஒரே போன் அவருடையதுதான். அதைப் போய்த் தூக்கிப் போட இருந்தேன்.

நான் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். வங்கிக் கணக்கும் நம் பேரேடும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக டிக் அடிப்பதுதான் எங்கள் வேலை. அதை வீட்டில் ஏன் முதல் நாளே செய்யவில்லை என்று தெரியவில்லை. ஊஞ்சலில் மூன்றையும் வரிசையாக வைத்தேன்: அம்மாவின் போன், என் போன், மனைவியின் லேப்டாப். வைஃபை பெயரைத் தொட்டு, பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தினால் அந்த இணைப்பின் விவரங்கள் வரும். அதில் ஐபி முகவரி என்றும் கேட்வே என்றும் இரண்டு வரிகள் இருக்கும். ஒரு தாளில் எழுதினேன்.

லேப்டாப் முகவரி 192.168.1.6, கேட்வே 192.168.1.1. அம்மாவின் போன் 192.168.0.104, கேட்வே 192.168.0.1. என் போன் 192.168.0.105, கேட்வே அதே 192.168.0.1.

மூன்றாவது எண்ணைப் பாருங்கள். நெட் வரும் சாதனத்தில் 1. வராத இரண்டிலும் 0. ஐந்து நாள் அலைச்சலுக்கும் விடை இந்த ஒரு எண்ணில் இருந்தது. முதல் நாளே பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் பாதிப் பிரச்சினைகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். போன் வைஃபையில் சேர்ந்ததும், "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று வீடு முழுவதற்கும் கேட்கிறமாதிரி ஒரு குரல் கொடுக்கும். வீட்டு மோடம் அதைக் கேட்டு, ஒரு முகவரியைக் கொடுத்து, "வெளியே போக வேண்டுமென்றால் இந்த வாசல் வழியாகப் போ" என்று கேட்வேயையும் சொல்லும். முகவரி கொடுக்கும் இந்த வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். ஒரு வீட்டில் இந்த வேலையை ஒருவர்தான் செய்ய வேண்டும். இரண்டு பேர் செய்தால், போன் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதிலையே எடுத்துக்கொள்ளும். எங்கள் மோடத்தின் முகவரி 192.168.1.1. அப்படியானால் 192.168.0.1 என்று இன்னொருவர் வீட்டுக்குள் உட்கார்ந்து முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அம்மாவின் போனிலேயே பிரவுசரைத் திறந்து 192.168.0.1 என்று அடித்தேன். எங்கள் பழைய ரூட்டரின் உள்நுழைவுப் பக்கம் திறந்தது.

எங்கள் வீடு பழைய வீடு. கீழே பதினாலு அங்குலச் செங்கல் சுவர், மேலே பிற்பாடு கட்டிய கான்கிரீட் மாடி. கூடத்தில் இருக்கும் மோடத்தின் சிக்னல் மாடிக்கு எட்டாது. மகன் படிப்பதற்காக, பரணில் கிடந்த பழைய ரூட்டரை இரண்டு வருடம் முன்பு மாடியில் வைத்து, மோடத்திலிருந்து ஒரு கேபிள் இழுத்து அதன் லேன் போர்ட்டில், அதாவது வீட்டுச் சாதனங்களை இணைக்கும் துளையில், செருகியிருந்தேன். அப்போது அதன் டிஹெச்சிபியை அணைத்து, முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, மோடத்தின் அதே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்திருந்தேன். இரண்டு வருடம் ஒரு தொல்லையும் இல்லை.

மகனைக் கூப்பிட்டு, மாடி ரூட்டரில் ஏதாவது செய்தாயா என்று கேட்டேன். இல்லை என்றான். கேள்வியை மாற்றிக் கேட்டேன்: போன வாரம் மாடியில் நெட் நின்றதா? "ஞாயித்துக்கிழமை சுத்தமா ஹேங் ஆயிடுச்சுப்பா. பின்னாடி ஊசியால ரீசெட் பண்ணிட்டு, அதே பேரு, அதே பாஸ்வேர்டு போட்டுட்டேன். எதையும் மாத்தல." அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த இரண்டையும் இருந்தபடியே திருப்பிப் போட்டிருக்கிறான். ஆனால் ரீசெட் செய்த ரூட்டர் கடையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிடும். டிஹெச்சிபி தானாக ஓடத் தொடங்கிவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் முகவரி கொடுத்து, "என் வாசல் வழியாகப் போ" என்று சொன்னது. அதன் வேன் போர்ட்டில், அதாவது இணையம் உள்ளே வர வேண்டிய துளையில், எதுவும் செருகப்படவில்லை. கொல்லைச் சுவரைக் காட்டி வாசல் என்று சொன்ன கதைதான்.

அதுவரை புரியாமல் இருந்தவை எல்லாம் அப்போது ஒவ்வொன்றாகச் சரியாக உட்கார்ந்தன. கூடத்தில் மோடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தும் ஏன் வரவில்லை? இரண்டும் ஒரே கேபிளில் இணைந்திருப்பதால், கீழே கேட்ட குரலுக்கு மாடியிலிருந்தும் பதில் வரும். டிவிக்கும் லேப்டாப்புக்கும் ஏன் தடங்கல் இல்லை? ஏற்கெனவே மோடத்திடம் ஒரு கெடுவுக்கு முகவரி வாங்கிய சாதனம், அந்தக் கெடு முடியும் முன்பே அதே மோடத்திடம் நேராகப் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். இணைப்பு விட்டுப் போய் மறுபடி சேரும்போதும் முன்பிருந்த முகவரியையே கேட்கும் வழக்கம் பல சாதனங்களுக்கு உண்டு. அம்மாவோ ராத்திரி படுக்கும்போது போனையே அணைத்துவிட்டுக் காலையில் போடுபவர். போதாக்குறைக்கு நான் வேறு 'மறந்துவிடு' கொடுத்து, ரீசெட் செய்து, பழைய முகவரியின் நினைவையே அழித்து, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வைத்தேன். திங்கட்கிழமை வந்ததும் செவ்வாய்க்கிழமை போனதும், எந்தப் பதில் முந்தியது என்பதைப் பொறுத்தே நடந்திருக்கின்றன.

சரிசெய்ய ஆனது பத்து நிமிடம். பழைய ரூட்டரின் பக்கத்தில் நுழைந்து, லேன் பகுதியில் டிஹெச்சிபியை அணைத்தேன். அதன் முகவரியை மறுபடி 192.168.1.2 ஆக்கினேன். மோடத்தில் முகவரி வழங்கும் எல்லையை 192.168.1.10-லிருந்து தொடங்கும்படி வைத்தேன், இல்லாவிட்டால் அந்த 2 என்ற எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடும். இப்போது வரும் ரூட்டர்கள் பலவற்றில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் இந்த வேலைகளை அதுவே செய்துகொள்ளும். உங்கள் ரூட்டரில் அது இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பிறகு போன்களில் வைஃபையை அணைத்துப் போட்டேன். இரண்டிலும் மூன்றாவது எண் 1.

அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால், நெட் வரவில்லை என்று யாராவது போனை நீட்டுவது வழக்கமாகிவிட்டது. இப்போது நான் எதையும் அணைப்பதில்லை. முதலில் மொபைல் டேட்டாவை மட்டும் நிறுத்துவேன். அந்தப் போனை என் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்ப்பேன். வந்தால் கோளாறு வீட்டில், வராவிட்டால் போனில். அடுத்து முகவரியும் கேட்வேயும். கேட்வே எண்ணைப் பிரவுசரில் அடித்து மோடத்தின் பக்கம் திறந்தால், போனுக்கும் மோடத்துக்கும் நடுவில் இருக்கும் வழி நன்றாக இருக்கிறது. அதற்கு அப்பால்தான் தேட வேண்டும். முகவரியே வராமல், 'ஐபி முகவரி பெறுகிறது' என்றே சுற்றிக்கொண்டிருந்தால், அல்லது ஐபோனில் 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால், யாரும் அதற்கு முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

மன்னார்குடியில் சித்தி வீட்டில் போன், ஹாட்ஸ்பாட்டிலும் வரவில்லை. எண்களெல்லாம் சரியாக இருந்தன. அவர் மகன் விளம்பரங்களைத் தடுப்பதற்காகப் பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்தில், இணையதளப் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித் தரும் ஒரு சேவையின் பெயரைப் போட்டு வைத்திருந்தான். ஆண்ட்ராய்டு 9-லிருந்து இந்த வசதி இருக்கிறது. அந்தச் சேவை நின்றுபோனால் எந்த இணையதளப் பெயரையும் போனால் கண்டுபிடிக்க முடியாது, எந்த வைஃபையில் போட்டாலும் இதே கதிதான். 'தானியங்கி' என்று மாற்றியதும் வந்துவிட்டது. சித்தி இரண்டு மாதமாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பக்கத்துத் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில் வேறு மாதிரி. புதுப் போன் வாங்கினார், சரியான கடவுச்சொல் அடித்தும் வைஃபையில் சேரவே இல்லை. பழைய போன் சேர்ந்தது. மோடத்தில் யாரோ மேக் ஃபில்டர் போட்டு, குறிப்பிட்ட சாதனங்களை மட்டும் அனுமதித்திருந்தார்கள். மேக் முகவரி என்பது ஒவ்வொரு சாதனத்துக்கும் தயாரிக்கும்போதே கொடுக்கும் அடையாள எண். புதுப் போனின் மேக் முகவரியைச் சேர்த்தும் வரவில்லை. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்தும், 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-லிருந்தும் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல், வைஃபைக்கு ஒன்றாக ஒரு முகவரியை உருவாக்கிக் காட்டுகின்றன. பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணைச் சேர்த்ததால்தான் பொருந்தவில்லை. அந்த வைஃபைக்கு மட்டும் போனின் சொந்த மேக்கைக் காட்டும்படி மாற்றினோம். மேக் ஃபில்டரே வேண்டாம், நல்ல நீளமான கடவுச்சொல் போதும் என்பது என் அபிப்பிராயம். சார் சம்மதிக்கவில்லை.

தேதி தவறாக இருந்தாலும் தளங்கள் திறக்காது, அதையும் ஒரு பார்வை பாருங்கள். மோடத்தை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். வைஃபை அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ், 2.4-ஐவிட வேகமானது, ஆனால் சுவர் தாண்டும் திறன் குறைவு. சமையலறையில் விட்டு விட்டு வந்தால் 2.4-க்கு மாற்றிப் பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் அந்த 2.4-ஐ ஒட்டித்தான் வேலை செய்கிறது, அது ஓடும்போது மட்டும் தடுமாறினால் வேறு காரணம் தேட வேண்டாம்.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணி தாண்டிவிட்டது. ஆறே முக்காலுக்கு அம்மாவே கூப்பிட்டார். அங்கே ஒன்பதே கால், பேத்தி தூங்கும் நேரம். தலையணையோடு வந்து உட்கார்ந்தாள். ஐந்து நாள் படங்களையும் சேர்த்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகக் காட்டி முடிக்க ஏழரை ஆயிற்று, தங்கையும் தடுக்கவில்லை.

பேசி முடித்ததும் அம்மா நான் எழுதிய தாளை எடுத்து, எந்த எண் என்று கேட்டார். காட்டினேன். இப்போது நான் அலுவலகத்தில் இருக்கும்போது நெட் நின்றால், போன் போட்டு, "மூணாவது ஒண்ணுதான்டா இருக்கு, வெளிய லைன்தான் போயிருக்கும், கம்ப்ளெயிண்ட் குடு" என்கிறார். மாடி ரூட்டரின் தலையில் மகன் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறான்: "192.168.1.2. டிஹெச்சிபி ஆஃப். ரீசெட் பண்ணினா அப்பாகிட்ட சொல்லணும்."